பதில் வந்த பிறகுதான் கிளம்பினாய்

அன்புள்ள முத்தண்ணனுக்கு,

எழுதுவதற்கே மன்னித்துக்கொள். வீட்டுக்கு நாலு பேர் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுகிறவள், ஊரே வாசிக்கும்படி பத்திரிகையில் எழுதுகிறேன். இது உனக்கு மட்டுமே தெரிய வேண்டியதாக இருந்தால் மனசுக்குள்ளேயே சொல்லியிருப்பேன்.

நான் பி.ஏ. தேறிவிட்டேன். நீ அப்பாவோடு சண்டை போட்டுப் படிக்க அனுப்பினாயே, அந்தப் படிப்பு. நம் வீட்டின் முதல் பட்டம், சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. பக்கத்தில் ஓர் ஆணி சும்மா நிற்கிறது. உன் படத்துக்கென்று அம்மா அடித்தது. அப்பா மாட்ட விடவில்லை.

அப்பா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியின் வழக்கம் உனக்குத் தெரியும். வெடிமருந்துத் தட்டைத் தூக்குகிறவர் அடுத்த அறையைப் பார்த்து "வரட்டுமா?" என்று குரல் கொடுப்பார். "வா" என்று பதில் வந்த பிறகுதான் காலை எடுத்து வைப்பார். வழியில் யாரோடாவது முட்டிக்கொண்டால், கிளம்பி வந்தவர்மேல்தான் குற்றம். சின்ன வயசில் நாமும் தண்ணீர்ச் செம்போடு அதையே விளையாடினோம். நான் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருப்பேன். கை வலித்தாலும் நீ வாசப்படி தாண்ட மாட்டாய்.

நீ போய்விட்டாய் என்று தந்தி வந்த மறுநாள் பேப்பரில் போட்டிருந்தார்கள். கிளம்பி மேலே ஏறிக்கொண்டிருந்த விமானமும், தரையிறங்க வந்த இன்னொன்றும் மேகத்துக்குள் மோதிக்கொண்டன என்று. ஏறிய விமானத்தில் நீ ரேடியோ ஆபீசர். விமான நிலையக் கோபுரத்தில் இருப்பவர்களிடம் கேட்டு விமானிக்குச் சொல்வது உன் வேலை. நான் வாசித்து முடித்ததும் அப்பா பேப்பரை வாங்கி மடித்து வைத்தார். பிறகு, "கெளம்புறவன்தான்த்தா பாக்கணும்," என்றார். "பதில் வராமக் கெளம்பிட்டான். அம்புட்டுச் சனமும் போச்சே." அன்றோடு உன் பேரை எடுப்பதில்லை.

போன மாதம் உன் சிநேகிதர் வந்தார், அந்தக் கோபுரத்தில் வேலை பார்த்தவர். அது ஆள் மாறும் நேரமாம். வேலை முடிந்து போனவர், இறங்கி வரும் விமானத்துக்கு ஓர் உயரத்தைக் கொடுத்திருந்தார். அடுத்து வேலைக்கு வந்தவரிடம் அதைச் சொல்லவில்லை. வந்தவர் அதே உயரத்துக்கு உங்களை ஏறச் சொல்லிவிட்டார். நீ கேட்டாய், பதில் வந்தது, அதை நீ திருப்பிச் சொன்ன பிறகுதான் விமானம் கிளம்பியது. பக்கத்து நாற்காலியில் இருந்து உன் கடைசிக் குரலைக் கேட்டவன் நான்தான் என்று சொல்லி அழுதார்.

அப்பா முழுக்கக் கேட்டார். "சிநேகிதன விட்டுக்குடுக்க மாட்டீக. சாப்பிட்டுப் போங்க," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"வா" என்று சொன்னவரே தெரியாமல் சொல்லியிருந்தால், காத்திருந்தவன் என்ன செய்வான்? அந்த மேகத்துக்குள் எதிரே வந்த இரைச்சல் உனக்குக் கேட்டதா, அண்ணே?

சித்தப்பா அந்த ஆணியில் சிவகாசிக் காலண்டரைக் கொண்டுவந்து மாட்டினார். நான் எடுத்துவிட்டேன். நான் இருக்கும்வரை வேறு எதுவும் அதில் தொங்காது.

இவ்வளவு நேரம் தயங்கியதைக் கேட்கிறேன். அப்பாவின் கனவில் ஒரே ஒரு தடவை வா. எதையும் விளக்க வேண்டாம். வாசலில் நின்று "வரட்டுமா?" என்று கேள். அவர் பதில் சொல்கிறவரை அங்கேயே நில். உனக்குத்தான் நிற்கத் தெரியுமே.

வாசப்படிக்கு இந்தப் பக்கம் இருக்கும்
உன் தங்கை
செல்லம்