நாற்பது லட்சம் கோடி கிலோமீட்டர்

2025 நவம்பர் 16, ஞாயிறு, காலை 6.40. நீ கடத்தூருக்கு, உன் அம்மா வூட்டுக்குப் போய் இன்றோடு பத்தொன்பது நாள்.

எழில்,

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மொட்டை மாடியில் நின்று, "வேற எங்கயாச்சும் உசுரு இருக்குமாங்க?" என்று கேட்டாய். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இத்தனை கோடி நட்சத்திரங்களில் எங்கேயாவது இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பக்கத்து நட்சத்திரமே நாற்பது லட்சம் கோடி கிலோமீட்டர். இன்றைய விண்கல வேகத்தில் எழுபதாயிரம் வருஷம் ஆகும். அங்கிருந்து யாரும் வர முடியாது, நாமும் போக முடியாது என்றேன்.

பிறந்து ஒரு மணி நேரம்கூட நம்மோடு இருக்காமல் போன பாப்பாவை நினைத்துத்தான் நீ கேட்டாய். அது எனக்கு உறைக்க, நீ பஸ் ஏறிய பிறகும் நாலு நாள் ஆனது.

கணக்கு சரிதான், இப்போதும் மாற்ற மாட்டேன். அன்றைக்கு அதை எடுத்து நீட்டியிருக்கக் கூடாது.

நேற்று போன் செய்தேன். உன் அம்மா எடுத்து, "என்னங்க மாப்ள, கணக்கெல்லாம் போட்டு முடிச்சிட்டீங்களா? அவ பேச மாட்டாளாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தருமபுரியிலிருந்து உன் வூட்டுக்கு ஒரு மணி நேரப் பஸ். அதற்கே வக்கில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். அலுத்துவிட்டது எழில். இனி செய்யப்போவது:

1. எட்டேகால் பஸ்ஸில் வந்து, இந்தக் கடிதத்தை உன் அம்மா கையில் கொடுப்பேன்.
2. நீ படித்து முடிக்கும்வரை வெளியே நிற்பேன். வாயைத் திறக்க மாட்டேன்.
3. கூப்பிட்டால் உள்ளே வந்து, பாப்பாவுக்கு நீ நினைத்து வைத்திருந்த பெயரைக் கேட்பேன்.

பாப்பாவின் அப்பா