பாக்கெட் சந்தகை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து புழுதிக் காற்று. காயப்போட்ட துணியெல்லாம் செம்மண். நித்யாவுக்கு மூன்றாம் மாதம். உள்ளே எதுவும் நிற்கவில்லை. கஞ்சி, இளநீர், பிரெட், எல்லாம் வாளியில். டிரிப்ஸ் ஏற்றிய கை வீங்கியிருக்கிறது. டாக்டரம்மா: "எடை இப்படியே இறங்கினா அட்மிட் பண்ணித்தான் ஆகணும். குழந்தைக்கும் நல்லதில்ல. வாய்க்கு எது பிடிக்குதோ அதைக் குடுங்க."

எது பிடிக்கும் என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு "சந்தகை" என்றாள். தாராபுரத்தில், அவள் அம்மா வீட்டில் பிழியும் பலகாரம். என்னைக் கட்டிக்கொண்ட பிறகு அந்த வீட்டில் ஒருவரும் எங்களுடன் பேசுவதில்லை. தூத்துக்குடிக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன், இரண்டுமே குற்றம்.

ஜூலை 9, புதன்

வேலை ஓடவில்லை. டையிங் லேபில் சாயத்தின் ஷேடு மேட்ச் ஆகாமல் திரும்பத் திரும்ப. சூப்பர்வைசர் சண்முகத்திடம் சந்தகை எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

"ஏனுங்க, எங்கூர்ப் புள்ளையக் கட்டிப்போட்டு சந்தகைக்கு வழி கேக்கறீங்களா?" சிரிப்பு. என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "இப்பெல்லாம் காய வெச்சு பாக்கெட்லயே வருதுங்க. பெரிய கடையாப் பாருங்க."

வாங்க வேண்டியவை: தேங்காய், குளுக்கோஸ், பினாயில்.

மூன்றாவது கடையில், சேமியாவுக்குப் பின்னால், ஒரே ஒரு பாக்கெட். பார்த்தால் இடியாப்பம்தான். பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. பாதியை எடுத்து நனைத்து, இட்லிச் சட்டியில் ஏற்றி, எங்கள் வீட்டு இடியாப்பம் மாதிரி நன்றாக வேகவைத்தேன். களி. கரண்டியை விட்டு வரவில்லை. தேங்காய்ப்பால் ஊற்றி மறைத்துக் கொடுத்தேன்.

"என்னங்க இது?"

"சந்தகை."

"சந்தகைய வேக வெச்சுத்தானுங்க புழிவாங்க. வெந்ததை மறுக்கா எதுக்கு வேக வெச்சீங்க?"

"ஏட்டி, கண்ணை மூடிட்டு முழுங்கு."

முழுங்கினாள். உடனே வாளி.

டையிங்கில் இப்படிக் குறிப்பைப் படிக்காமல் செய்தவனை வேலையை விட்டே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முட்டாள் நான்.

ஜூலை 10, வியாழன்

லீவு. நித்யா தண்ணீரையும் கக்கிவிட்டாள். உதடு வெடித்திருக்கிறது. பாத்ரூம் போக என் தோள் வேண்டும். நாளை காலை அட்மிஷன். "எங்கம்மாகிட்டப் பேசிப்போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். வெளியே வந்து அத்தைக்குப் போன் போட்டேன்.

"அத்தை, நான்தான். நித்யா எதுவும் சாப்பிட மாட்டேங்கா. கடையில சந்தகை வாங்கிக் குடுத்தேன், அதும் நிக்கல."

பின்னால் டிவி சத்தம். "அவரு ஊட்ல இருக்காருங்க. வெச்சர்றனுங்க."

"வைங்க. உங்க மக செத்தாலும் அவரு வீட்லதான் இருப்பாரு."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அத்தை போனை வைக்கவில்லை. டிவி சத்தம் தூரமானது. பிறகு மெல்ல: "தேங்காப்பால் ஊத்தாதீங்க. அவளச் சொமந்தப்ப எனக்கும் அது ஆகலைங்க. எலுமிச்சம்பழம் புழிஞ்சு, உப்புப் போட்டு, ஆற வெச்சுக் குடுங்க."

கட்.

மிச்சம் பாதிப் பாக்கெட். இந்த முறை வரி வரியாகப் படித்தேன். வெந்நீர் ஊற்றி, மூடி, வடிக்க வேண்டியதுதான். எலுமிச்சை, உப்பு. தாளிக்கவில்லை, எண்ணெய் வாசனைக்கே குமட்டுகிறாள். ஆறவைத்து ஒரு கிண்ணம்.

ஒரு வாய். மென்றாள். நான் வாளியைப் பக்கத்தில் தள்ளினேன்.

"ரப்பராட்டம் இருக்குதுங்க."

"சரி."

"அரிசி வாசமே இல்ல."

"சரி, விடு. வேண்டாம்." கிண்ணத்தை எடுக்கப் போனேன். இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாருக்குதுன்னு சொல்லலீங்க. இருங்க, தின்னுக்கறேன்."

கிண்ணம் காலி. வாளி பக்கம் திரும்பவில்லை.

"எலுமிச்சம்பழம் போடச் சொல்லி ஆரு சொன்னாங்க?"

"பாக்கெட்ல எழுதியிருந்துச்சு."

பாக்கெட் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை நீட்டினாள். இன்னும் கொஞ்சம் வேண்டுமாம்.