மேசையிடம் கேட்ட வேலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

எங்கள் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலைக்குப் போன வாரம் நேர்காணல் நடந்தது. மேலாளர் வந்ததும் எழுந்து கைகட்டி நின்றேன். உட்காரச் சொன்னார், நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். கேட்டதற்கெல்லாம் தலையைக் குனிந்தபடியே சரியாகத்தான் பதில் சொன்னேன். உங்கள் முன்னால் எப்படி இருப்பேனோ அப்படியே இருந்தேன். வேலை கிடைக்கவில்லை. கவலைப்படாதீர்கள், பழைய வேலை அப்படியே இருக்கிறது.

என்னோடு தங்கியிருக்கும் ஓட்டுநர் அண்ணன் கேட்டுவிட்டுச் சிரித்தார். "மேசைகிட்டயா வேலை கேட்ட? கண்ணப் பாத்துப் பேசணும்ப்பா. இல்லன்னா எதையோ மறைக்கிறேன்னு நெனைப்பாங்க," என்றார்.

அடுத்த மாதம் இன்னொரு நேர்காணல் இருக்கிறது. அதற்காக உங்கள் படத்தை எதிரே வைத்துக்கொண்டு பேசிப் பழகுகிறேன். அதில் நீங்கள் எங்கேயோ பார்க்கிறீர்கள். அம்மா போர்வை அனுப்பும்போது, நேராகப் பார்ப்பதுபோல் ஒரு படம் எடுத்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள். முறைத்தபடி இருந்தாலும் பரவாயில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்