பஞ்சு மூடிய விளக்கு

11-7-1966, திங்கள்.

இன்று முதல் யாரும் ரிப்பேர் பார்க்கும் ஃபிட்டரைக் கத்திக் கூப்பிடக் கூடாது, மெஷின் நின்றால் கயிற்றை இழுங்கள், மேலே சிவப்பு விளக்கு எரியும் என்று சட்டம் போட்டதே நான்தான். நேற்று விடுமுறையில் அத்தனை விளக்கையும் எரியவிட்டுப் பார்த்தேன். எங்கள் பனியன் கம்பெனியே கோயில் மாதிரி இருந்தது. மெஷின் ஓடினால் பஞ்சு பறக்கும் என்பது, அதிலேயே வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் விளக்கெல்லாம் வெள்ளைப் பொதியாகிவிட்டது. துணி பின்னும் நிட்டிங் பிரிவுப் பழனிச்சாமி நின்றுபோன மெஷினருகே காத்திருந்தார்.

"ஒரு சத்தம் போடறதுக்கென்னங்க?" என்றேன்.

"நீங்கதான் கத்தக் கூடாதுன்னீங்க. கயிறு இழுத்து ரெண்டு மணி நேரமாச்சுங்க."

பஞ்சைத் துடைத்தேன். உள்ளே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

கண்ணை மூடினால் வெண்பஞ்சுக்குள் அந்தச் சிவப்பு மெதுவாக மிதக்கிறது. கீழே அவர் இன்னும் நிற்கிறார், கத்தாமல்.