எண்பது பங்கு கிளிசரின்

ஸுஹைர்,

முஜத்தரா பருப்புச் சோறு அடுப்பு மேல இருக்கு, தயிர் ஊத்திச் சாப்பிடு. கேஸ் ஹீட்டரைப் பத்த வைக்காதே, உனக்கு மூச்சு முட்டும். காலையில நான் கத்தினப்போ கதவை அடிச்சுச் சாத்திட்டுப் போனே இல்ல, நீ புகை இழுக்கற அந்த வேப் கருவியை மேஜையிலேயே மறந்துட்டே. நல்லதாப் போச்சு. அதைத் தொடாதே.

கடையில விக்கற வேப் திரவத்துல இருக்கற கிளைக்கால் ரசாயனம் தொண்டையை அறுக்குதுன்னு, அதைக் குறைச்சு நீயே திரவம் கலக்க ஆரம்பிச்சே. கிளிசரினைப் பாதிக்குப் பாதி ஊத்தினே, இருமல். எழுபது ஆக்கினே, இன்னும் இருமல். எண்பது ஆக்கினே, நேத்து ஜபல் அம்மான் குன்றுப் படிக்கட்டுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டே. "கிளிசரின் கூடினா இதமா இருக்கணுமே, லமீஸ்"னு என்கிட்டயே புலம்பல் வேற.

உன் கணக்கு சரிதான். பாட்டில்தான் தப்பு. குளியலறை அலமாரியில இருக்கறதைத்தானே ஊத்தினே? அது நான் கைக்குத் தடவுறது. குளிர் வந்தா பன்னீரும் எலுமிச்சைச் சாறும் அதுல கலந்து வைப்பேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? இப்பதான் பார்த்தேன், பாதி காலி. அதையா நெஞ்சுக்குள்ள இழுத்தே, பாவி!

நாலு மணிக்கு உன் அக்கா வருவாங்க. முரண்டு பிடிக்காம அவங்களோட ஆஸ்பத்திரிக்குப் போ. பாட்டிலையும் எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டு.

லமீஸ்

இன்னொண்ணு. சட்டையில பன்னீர் வாசனை அடிக்குது, எவகிட்ட போயிட்டு வர்றேன்னுதானே காலையில கத்தினேன்? அவ யாருன்னு கண்டுபிடிச்சுட்டேன். இந்தச் சீட்டை மோந்து பாரு, இதுலயும் அவ கை வாசனை இருக்கும்.