திரைக்குப் பின்னால் ஒரு ரதி

மாத்தளை

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலமே. உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியிருக்க வேண்டும். வற்றாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். தைலத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது, கவலைப்பட ஒன்றுமில்லை. "காமன் கதையை இசை நாடகமாக்குகிறோம், ரதி வேடம் உங்களுக்கே" என்று சொல்லித்தானே கொழும்பிலிருந்து என்னை அழைத்தார்கள்? நேற்று ஒத்திகையில் நெறியாளர் கிஷாந்த் மிகப் பணிவாக வந்து நின்றார்.

"அம்மா, ரதி சின்னப் பொண்ணுங்க. நீங்க திரைக்குப் பின்னால நின்னு பாடுங்க. முன்னால கிருஷாந்தினி வாயசைப்பா."

நாற்பது ஆண்டுகள் மேடையில் நடித்துப் பாடியவளுக்கு இந்த மரியாதை.

"தம்பி, உங்க தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்துல அம்பது வயசு ஆம்பள மீசைய வழிச்சிட்டுச் சேலை கட்டினா, ரதின்னு விழுந்து கும்பிடுறீங்க. வழிக்கிறதுக்கு எனக்கு மீசை இல்லாததுதான் குறையா?" என்றேன்.

வாயசைக்கவிருந்த பெண்ணே முதலில் சிரித்தாள். கிஷாந்த் யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போனார். கணவன் எரிந்து சாம்பலான பின் ரதி பாடும் புலம்பலை முகத்தை ஒளித்துக்கொண்டு பாட எனக்குத் தெரியாது.

என் கம்பளிச் சால்வையை அனுப்புங்கள். ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துக் குளிர் அறைக்குள்ளேயே வருகிறது. பேச ஆளில்லாத அறையில் அது சற்று அதிகந்தான்.

ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள். போய்த் திரைக்கு முன்னால் நிற்கப்போகிறேன். பின்னால் தள்ளும் துணிவு யாருக்கு இருக்கிறதென்று பார்க்கலாம்.

உங்கள்,
மங்கையர்க்கரசி