நீலச் சீருடையும் பச்சைச் சீருடையும்

ரக்‌ஷனா அப்பாவுக்கு,

கிளமெண்டியில் நாங்கள் நலம். வீடு சின்னதுதான், ஆனால் நல்ல காற்று வருகிறது.

புதுப் பள்ளிக்கும் ரக்‌ஷனா பழைய பிடோக் பள்ளியில் போட்ட நீலச் சீருடையில்தான் போய்க்கொண்டிருந்தாள். வருஷக் கடைசி வரை போடலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அத்தனை பச்சைக்கு நடுவே இவள் மட்டும் நீலம். கேன்டீனில் தினமும் யாராவது, "ஏன் ஸ்கூல் மாறினே?" என்று கேட்பார்களாம். "அப்பாவுக்கு வேலை மாறிடுச்சு" என்று பொய் சொல்லிவிடுவாளாம்.

பச்சைச் சீருடை வாங்கி வந்தேன். அவள் தொடவே இல்லை.

"இதைப் போட்டா நாம பிடோக் வீட்டுக்குத் திரும்பிப் போகவே மாட்டோமாம்மா?"

என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு அழுதாள்.

நேற்று அவளாகவே அதைப் போட்டுக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும், "இன்னைக்கு யாரும் ஒண்ணும் கேக்கலம்மா," என்று சிரித்தாள். பிள்ளைகளை ஒரே அச்சில் வார்க்கவா சீருடை என்று உங்களோடு வாதாடியவள் நான். அது ஒரு பிள்ளையை மறைத்துக் காப்பாற்றவும் செய்யும் என்று நேற்றுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குச் சாப்பிட வருகிறோம். லீவு நாளானாலும் சீருடையில்தான் வருவாளாம். நீங்கள் பார்க்க வேண்டுமாம். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. அவளிடம் அழகாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அவள் அம்மா